கீழே போட்டதும் விழுந்ததும்

அமிர்தநாதன் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் கடைசிக் காம்பராவில் இருக்கிறார். வட்டகொடை ஸ்டேஷனில் இறங்கி மேட்டுப் பாதையில் ஏறி வந்தால், அவர் வாசலில் காயப்போட்ட காக்கிச் சட்டைதான் முதலில் தெரியும். தோட்டத்து ஸ்டோரில் அவர் வாச்சர். தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்றுதான் சொல்வோம். காவல்காரர் என்றதும் மீசையும் அதட்டலும் நினைவுக்கு வரலாம். இவர் ஒல்லியான ஆள். நாய் குரைத்தால் அதைப் பார்த்து, "என்னப்பா, என்ன இப்ப?" என்று கேட்கிற ரகம்.

இளவயதில் கவ்வாத்துக் கத்தி பிடித்துத் தேயிலைச் செடி வெட்டினார். பிறகு கொழும்பில் ஒரு சில்லறைக் கடையில் இருந்தார். அம்மாவுக்கு முடியாமல் போனதும் திரும்பி வந்து, மார்கிரட்டைக் கட்டிக்கொண்டு, ஸ்டோரில் வாச்சராகச் சேர்ந்தார். மார்கிரட் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவள். இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. அந்த வீட்டில் தோட்டத்துப் பேரேட்டில் இருப்பது அவர் பெயர் மட்டும்தான். வேலை போனால் காம்பராவையும் விடச் சொல்வார்கள். இது எங்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அதனால் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை.

வாச்சருக்குத் தோட்டம் கொடுத்திருந்தது ஒரு ரெட்டைக்குழல் துவக்கு. வெள்ளைக்காரத் துரைமார் காலத்துச் சாமான். அதைச் சுட்டு அமிர்தநாதனை யாரும் பார்த்ததில்லை. பன்றி வந்தால் தகரத்தைத் தட்டித்தான் விரட்டுவார். எண்ணெய் போட்டுத் துடைப்பதில் மட்டும் குறை வைக்கமாட்டார். வெளியே பளபளவென்று இருக்கும். உள்ளே எது தேய்ந்திருக்கிறது என்று எவரும் திறந்து பார்த்ததில்லை.

ஒருமுறை வாச்சர்மாருக்குப் பயிற்சி என்று தலவாக்கலைக்குக் கூப்பிட்டார்கள். பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் பாடம் நடத்தினார். தன் இடுப்பிலிருந்த கைத்துப்பாக்கியில் தோட்டாக்களை எடுத்துவிட்டு, அதைக் கழற்றிக் காட்டினார். விசையை அழுத்தும்வரை உள்ளே ஒரு சின்ன இரும்புத் துண்டு ஊசிக்குக் குறுக்கே நிற்குமாம். கை தவறி விழுந்தாலும் ஊசி போய்த் தோட்டாவில் குத்தாதாம். இப்போது வரும் ரைபிள்களையும் சிமெண்டுத் தரையில் போட்டுப் பார்த்த பிறகுதான் எடுத்துக்கொள்கிறார்களாம். அமிர்தநாதன் இதையெல்லாம் கவனமாகக் கேட்டுக்கொண்டு வந்து மார்கிரட்டிடம் சொன்னார்.

"இந்தக் காலத்துல துவக்கு விழுந்தா வெடிக்காதாம் மார்கிரட். லொக் மட்டும் போட்டிருந்தா போதும்."

"இந்தக் காலத்து துவக்கா நீங்க வச்சிருக்கிறது?" என்று அவள் கேட்டாள்.

அன்றிலிருந்து அவர் தோட்டா போட்டு, விசையைப் பூட்டும் லொக்கையும் போட்டு, பயமில்லாமல் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தார். ஸ்டோருக்குப் பின்னால் சிறுத்தை வந்து நாயைத் தூக்கிப்போன பிறகு, துவக்கில் தோட்டா இல்லாமல் சுற்றக்கூடாது என்று ஆபீஸிலும் சொல்லியிருந்தார்கள்.

சம்பவம் நடந்த நாள் காலையில் ஒரு வாக்குவாதம். பந்துல என்று ஒரு பையன், சிங்களவர், ஸ்டோரில் தேயிலைத் தயாரிப்பைப் பார்க்கும் உதவி டீமேக்கர். பையன் என்றால் எனக்குத்தான் பையன். முப்பதைத் தாண்டியவர். கொழுந்தை வாட்டும் கொழுந்து மாடிக்கு ஏறும் இரும்புப் படி சாறும் பனியுமாக வழுக்குகிறது, காலுக்கு வேறு சப்பாத்து வேண்டும் என்று அமிர்தநாதன் கேட்டிருக்கிறார். பந்துலவுக்கு அன்று வேறு எரிச்சல். "போன மாதம்தானே தந்தோம்" என்று கத்திவிட்டார். இவருக்கும் சுருக்கென்று ஏறிவிட்டது. "அப்ப துவக்க போட்டுட்டுப் போறேன்" என்பதைச் சிங்களத்தில் சொன்னார். "துவக்குவ தாலா யனவா." வேலையை விட்டுவிடுவேன் என்று அர்த்தம். கோபத்தில் எல்லோரும் சொல்வது. மத்தியானத்துக்குள் இரண்டு பேரும் மறந்துபோனார்கள்.

மாலையில் மாடிச் சன்னல்களைச் சாத்த ஏறினார். பந்துல மேலே நின்று கொழுந்தைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசிப் படிகளில் அமிர்தநாதனின் கால் வழுக்கியது. கைப்பிடிக் கம்பியைப் பிடித்துவிட்டார். தோளில் இருந்த துவக்கு நழுவி, படியில் பின்பக்கம் முட்டி, கீழே போய் இரும்பில் இடித்தது. குழல் மேலே பார்த்திருந்தது. வெடித்தது. சன்னம் அவருடைய கெண்டைக்கால் சதையைச் சீவிக்கொண்டு போய், பந்துலவின் தலைக்கு மேலே கூரைத் தகரத்தைப் பிய்த்தது. ஒரு முழம் தாழ்ந்திருந்தால் அவரைப் பெற்ற தாய் பிள்ளையை இழந்திருப்பாள்.

பந்துலதான் முதலில் இறங்கி ஓடிவந்தார். தன் இடுப்புப் பட்டியைக் கழற்றிக் காலில் கட்டினார். அமிர்தநாதன் முகம் வெளுத்துப்போய், பந்துலவின் கையைப் பிடித்துக்கொண்டு, திரும்பத் திரும்ப ஒன்றையே சொன்னாராம்.

எனக்கு ஆள் அனுப்பினார்கள். நான் முதியோர் பராமரிப்புப் படித்து, சைப்ரஸில் வேலை பார்த்துத் திரும்பியவள். இங்கே யாருக்கு என்ன வந்தாலும் டிஸ்பென்சரிக்கு முன்னால் என் கதவைத் தட்டுவார்கள். நான் போனபோது இரத்தம் ஓரளவு நின்றிருந்தது. பட்டி கட்டியது நல்ல வேலை. சுத்தமான துணியை அழுத்தி வைத்து, காலை உயர்த்தி, லொறியில் ஏற்றினோம். எலும்பு தப்பியது. ஆஸ்பத்திரியில் தைத்து, தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டி அனுப்பினார்கள். கட்டு மாற்றும் வேலை என்னுடையது.

புண்ணைவிட அவரை வாட்டியது வேறு. வீட்டுக்கு வந்த மறுநாளே வீரய்யா செய்தி கொண்டுவந்தான். வீரய்யா கொழுந்து மாடியில் வேலை செய்பவன். நல்லவன், ஆனால் வாயில் எதுவும் தங்காது.

"மாமா, நீங்க துவக்க தூக்கி எறிஞ்சீங்கன்னு ஆபீஸ்ல பேசிக்கிறாங்க. பந்துல மாத்தயா அப்படித்தான் சொல்லியிருக்காரு. நீங்களே அவருகிட்ட சொன்னீங்களாம்."

"நானா? நான் எதுக்குடா எறியப் போறேன்?"

"காலையில சண்ட போட்டீங்கள்ல. துவக்க போட்டுட்டுப் போறேன்னு சொன்னீங்கள்ல."

"சொன்னேன். அது சும்மா."

"அந்த சும்மாதான் இப்ப சும்மா இல்லாம ஆயிருச்சு."

நான் கத்தரிக்கோலை வைத்துவிட்டு, வீரய்யாவை வெளியே போகச் சொன்னேன். நோயாளியின் இரத்த அழுத்தம் ஏறினால் புண் ஆறாது.

"அக்கா, நான் விழுந்திருச்சின்னுதான் சொன்னேன்" என்றார் அமிர்தநாதன். "அந்தோனியார் சத்தியமா. அந்தப் பையன் எதுக்கு இப்படிப் பொய் சொல்றாரு? என் காலக் கட்டினதே அவருதானே."

"காலை அசைக்காதீங்க" என்றேன்.

மார்கிரட் அடுப்படியிலிருந்து, "எறிஞ்சவரு லொக் போட்டுட்டா எறிவாரு?" என்றாள். அது நியாயமான கேள்விதான். ஆனால் ஆபீஸில் அதை வேறு விதமாகத் திருப்பினார்கள். லொக் போட்டிருந்தால் எப்படி வெடிக்கும், ஆகவே லொக் போட்டிருந்தேன் என்று இவர் சொன்னதும் பொய் என்றார்கள். எறிந்ததாக முடிவானால் வேலை போகும். ஒருவர் உயிருக்கு ஆபத்து உண்டாக்கினார் என்று போலீஸிலும் வழக்கு வரும். மார்கிரட் பானை சட்டிகளைப் பார்க்கும் பார்வையே மாறிப்போனது. எதை எடுத்துப் போகலாம், எதை விட்டுப் போகலாம் என்று கணக்குப் போடுகிற பார்வை.

கொஞ்ச நாளில் ஆபீஸில் விசாரணை வைத்தார்கள். நுவரெலியாவிலிருந்து ஒரு விசாரணை அதிகாரி வந்தார். வழுக்கைத் தலை, பொறுமையான மனிதர். தோட்ட மேனேஜரான துரை, அவரும் சிங்களவர், பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பந்துல சுவரோரமாக நின்றார், யார் முகத்தையும் பார்க்கவில்லை. அமிர்தநாதனின் காலை ஒரு ஸ்டூலில் தூக்கி வைக்க வேண்டும் என்பதால் நானும் கூடப் போனேன். மார்கிரட்டால் அந்த மேடு ஏற முடியாது.

விசாரணை சிங்களத்தில் நடந்தது. மொழிபெயர்க்க ஆள் வேண்டுமா என்று அதிகாரி கேட்டார். "வேணாம் சார், தெரியும்" என்று இவர் சொல்லிவிட்டார். கொழும்பில் இருந்தவர் என்ற பெருமை. இவருக்குத் தெரிந்தது கடையிலும் ரோட்டிலும் பொறுக்கிய சிங்களம். மனதுக்குள் தமிழில் நினைத்து, சொல்லுக்குச் சொல் மாற்றி அடுக்குவார். இந்தப் பக்கத்தில் முக்கால்வாசிப் பேர் பேசுவது அப்படித்தான். நானும் அப்படித்தான்.

முதலில் துவக்கைப் பார்த்தார்கள். போலீஸிலிருந்து ஒரு சார்ஜன்ட் அதைக் கொண்டுவந்திருந்தார். துப்பாக்கிகளைப் பழுது பார்க்கிறவராம். பருத்த உடம்பு, கையில் ஒரு ரப்பர் சுத்தியல். மருந்தும் சன்னமும் இல்லாத, பின்பக்கத்து வெடிக் கேப் மட்டும் உள்ள இரண்டு தோட்டாக்களைப் போட்டார். லொக்கைப் போட்டார். விசையை இழுத்துக் காட்டினார். அசையவில்லை.

"பார்த்தீர்களா, லொக் வேலை செய்கிறது" என்றார் அதிகாரி.

"செய்கிறது சார். ஆனால் அது பிடித்து வைத்திருப்பது விசையை மட்டும்தான். உள்ளே ஊசியை அடிக்கும் சுத்தியலை எதுவும் பிடிக்கவில்லை. ஒரு பல்லில் கொக்கி போட்டு நிற்கிறது, அவ்வளவுதான்."

சன்னலுக்கு வெளியே குழலை நீட்டி, பின்பக்கத்தில் ரப்பர் சுத்தியலால் ஓங்கித் தட்டினார். ஒன்றும் ஆகவில்லை. அமிர்தநாதன் கண்ணை மூடிக்கொண்டார். சார்ஜன்ட் இன்னொரு முறை, கொஞ்சம் சாய்த்துத் தட்டினார். டப்பென்று வெடித்தது. வெளியே நின்ற ஆபீஸ் நாய் ஊளையிட்டது.

"இடது குழல்" என்றார் சார்ஜன்ட். "பல் தேய்ந்துவிட்டது. இப்போது செய்கிற துப்பாக்கியாக இருந்தால் ஊசிக்குக் குறுக்கே ஒரு தடை இருக்கும். இதில் இல்லை. நல்ல உயரத்திலிருந்து விழுந்தால் லொக் போட்டிருந்தாலும் வெடிக்கும்."

எனக்கு மூச்சு வந்தது. அமிர்தநாதன் என் பக்கம் திரும்பி, "பாத்தீங்களாக்கா" என்றார். முடிந்துவிட்டது என்று நாங்கள் இருவரும் நினைத்தோம்.

அதிகாரி பேனாவை உருட்டிக்கொண்டு யோசித்தார். "சரி. லொக் விஷயத்தில் இவர் பொய் சொல்லவில்லை. ஆனால் விழுந்தாலும் வெடிக்கும், எறிந்தாலும் வெடிக்கும், அப்படித்தானே?"

"அப்படித்தான் சார்" என்றார் சார்ஜன்ட்.

"அப்படியென்றால் நாம் நின்ற இடத்திலேயே நிற்கிறோம்." பந்துலவைப் பார்த்தார். "இவர் உங்களிடம் என்ன சொன்னார்? அதே சொல்லைச் சொல்லுங்கள்."

பந்துல தரையைப் பார்த்தபடி சொன்னார். "மம பிம தெம்மா மாத்தயா. அதைத்தான் சொல்லிக்கொண்டே இருந்தார்."

நான் கீழே எறிந்தேன். சிங்களத்தில் அதற்கு அதுதான் பொருள். அதிகாரி அமிர்தநாதன் பக்கம் திரும்பினார். "நீங்கள் இப்படிச் சொன்னீர்களா?"

"ஓம் சார், சொன்னேன்" என்றார் அமிர்தநாதன்.

துரை நெற்றியைத் தடவினார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வீட்டில் சத்தியம் பண்ணிய மனிதர் இங்கே தலையாட்டுகிறார். வலி மாத்திரையில் குழம்பிப்போனாரோ என்று அவர் கையைத் தொட்டுப் பார்த்தேன். சூடு இல்லை. முகம் தெளிவாகத்தான் இருந்தது. தனக்குச் சாதகமாக ஏதோ சொல்லிவிட்ட முகம்.

"காலையில் துவக்கைப் போட்டுவிட்டுப் போவேன் என்றும் சொன்னீர்களா?"

"சொன்னேன் சார்."

அதிகாரி பெருமூச்சு விட்டார். எனக்கு அப்போதும் உறைக்கவில்லை. அமிர்தநாதன் பேசியது என் சிங்களமும்தானே.

மிச்சமிருந்த சாட்சி வீரய்யா. வெடிச் சத்தத்தின்போது மாடியில் படிப் பக்கம் இருந்திருக்க வேண்டியவன். அவன் எதையும் பார்க்கவில்லை என்று எல்லோருக்கும் தெரியும். சம்பிரதாயத்துக்குக் கூப்பிட்டார்கள். தொப்பியைக் கழற்றிப் பிசைந்துகொண்டு வந்து நின்றான். அவனும் சிங்களத்திலேயே பதில் சொன்னான்.

"நீ உன் இடத்தில் இல்லை. ஏன்?"

"போன் தேடினேன் சார். மாடியின் அந்தக் கோடியில்."

"எந்த போன்?"

"என் போன். போன் எக்க தளு வலட்ட தெம்மா சார்."

அதிகாரி தலையைத் தூக்கினார். "போனைக் கொழுந்துக்குள் எறிந்தாயா? எதற்கு?"

"தெரியாமத்தான் சார்."

"தெரியாமல் எப்படி எறிவாய்? யாரிடமாவது கோபமா?"

"கோபமெல்லாம் இல்ல சார். புதுப் போன் சார். குனிஞ்சேன், பொக்கெட்ல இருந்து எறிஞ்சிட்டேன். எறிஞ்சதும் உசுரே போயிருச்சு. அள்ளி அள்ளித் தேடினேன்."

"புதுப் போனை எறிந்துவிட்டு உயிர் போகத் தேடினாயா?"

"ஆமா சார்."

சார்ஜன்ட் வாயைப் பொத்திக்கொண்டார். வீரய்யா அவரைப் பார்த்து, தனக்குச் சிங்களம் தெரியும் என்பதைக் காட்ட, இன்னும் சத்தமாக அதே வாக்கியத்தைச் சொன்னான். தெம்மா, தெம்மா. அப்போதுதான் சுவரோரம் நின்ற பந்துல நிமிர்ந்தார்.

"சார், கொஞ்சம் இருங்க." தமிழுக்கு மாறி வீரய்யாவைக் கேட்டார். அவர் தமிழ் அரைகுறை. "வீரய்யா, போன் எப்படி? தமிழ்ல சொல்லு."

"கீழ போட்டுட்டேன்."

"நீ போட்டதா, அது விழுந்ததா?"

வீரய்யா விழித்தான். "ரெண்டும் ஒண்ணுதானே மாத்தயா. கை தவறி விழுந்தா கீழ போட்டுட்டேன்னுதானே சொல்லுவோம்."

பந்துல துரையைப் பார்த்தார். துரை பல வருடமாகத் தோட்டத்துத் தமிழ் பேசுகிறவர். அவர் மெல்லத் தலையாட்டினார். "ஆமாம். தட்டைக் கீழே போட்டேன், முட்டையைக் கீழே போட்டேன் என்பார்கள். நம்மைப் போல 'அத்தின் வெட்டுணா' என்று சொல்லமாட்டார்கள்." கையிலிருந்து விழுந்தது என்பதற்குச் சிங்களத்தில் அப்படிச் சொல்ல வேண்டும். இருபது வருடம் முதியோருக்கு மருந்து கொடுத்து, எத்தனை கண்ணாடிக் குப்பிகளை நானும் சிங்களவர்களிடம் இப்படி 'எறிந்திருக்கிறேன்' என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

பந்துல அதிகாரிக்கு முன்னால் வந்து நின்றார். "சார், என் தலைக்கு மேலேதான் அது போனது. கோபம் எனக்கு இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். இவர் சொன்னதை நான் மாற்றிச் சொல்லவில்லை. ஆனால் தப்பாகப் புரிந்துகொண்டேன். எங்கள் ஸ்டோரில் பெண்கள் 'லமயாவ பிம தெம்மா' என்று சொல்லி நான் கேட்டிருக்கிறேன். பிள்ளையை எந்தத் தாய் எறிவாள்? அன்று சிரித்துவிட்டுப் போனேன். இதில் எனக்கு அது தோன்றவில்லை."

அதிகாரி அமிர்தநாதனைத் தமிழிலேயே சொல்லச் சொன்னார். துரை மொழிபெயர்த்தார்.

"படி வழுக்கிருச்சிங்க. கம்பியப் பிடிச்சேன். துவக்கு கழண்டு போயிருச்சி. பிடிக்கலாம்னு பாத்தேன், முடியல. அதனாலதான் அந்தப் பிள்ளைகிட்ட திரும்பத் திரும்பச் சொன்னேன், நான் கீழ போட்டுட்டேன்னு. அவருக்கு ஏதும் ஆயிருந்தா என் கைதானே காரணம். மன்னிப்புக் கேக்குறதுக்குத்தான் சொன்னேன்."

துரை அதைச் சிங்களத்தில் சொல்லி முடித்தார். பந்துல மூக்கைத் துடைத்துக்கொண்டார். அமிர்தநாதன் காலை நகர்த்தப் பார்த்தார். நான் முழங்காலைப் பிடித்து இருந்த இடத்திலேயே வைத்தேன்.

தோட்டா போட்ட துவக்கோடு வழுக்குப் படி ஏறியது தவறு என்று அதிகாரி சொன்னார். அப்படி ஏறச் சொன்னதும் தவறு என்று துரையையும் பார்த்துச் சொன்னார். துவக்கு விழுந்தது, எறியப்படவில்லை என்று முடிவு எழுதினார். வேலை இருந்தது.

வெளியே வந்ததும் பந்துல இவரைக் கைத்தாங்கலாக வேனில் ஏற்றினார். "நாதன், நான் பொய் சொல்லல" என்றார்.

"தெரியுது மாத்தயா. நான் சொன்னதத்தானே நீங்க சொன்னீங்க."

"இனிமே என்கிட்ட தமிழ்லயே பேசுங்க."

"உங்க தமிழுக்கு என் சிங்களமே தேவல."

பந்துல சிரித்தார். வீரய்யா பின்னால் ஓடிவந்து, "மாமா, என் போனாலதான் நீங்க தப்பிச்சீங்க. மறந்துறாதீங்க" என்றான். அவன் லயம் முழுக்க அதைச் சொல்லி முடிக்க ஒரு மாதம் ஆனது.

மார்கிரட் வாசலிலேயே நின்றிருந்தாள். அவர் "இருக்கு" என்று மட்டும் சொன்னார். அவள் உள்ளே போய்த் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தாள்.

புண் ஆறி அவர் வேலைக்குத் திரும்பிய காலையில் துரை கூப்பிட்டு, பழைய துவக்கைப் போலீஸில் ஒப்படைத்துவிட்டதாகவும், புதிதாக ஒன்று வாங்க அனுமதி கேட்டிருப்பதாகவும் சொன்னார். "இது விழுந்தாலும் வெடிக்காத மாதிரி. அந்த சார்ஜன்டிடம் கேட்டுத்தான் வாங்குவோம். பயம் வேண்டாம்."

"அது விழுந்தா வெடிக்காதுங்க தொர, சரி" என்றார் அமிர்தநாதன். "நான் விழுவேனே. எனக்கு எதுவும் வேணாம். ஒரு நல்ல டார்ச் லைட் தாங்க."

இப்போது அவர் கேட்டில் நிற்கிறார், கையில் டார்ச்சும் கழுத்தில் விசிலும். இடது காலைக் கொஞ்சம் இழுத்து நடக்கிறார். குளிர் நாட்களில் ஒட்டிய தோல் இறுகிக்கொண்டு வலிக்கும். தேங்காய் எண்ணெய் தேய்க்கச் சொன்னால் மறந்துவிடுவார். நான் கேட்டைத் தாண்டிப் போகும்போதெல்லாம் காற்சட்டையைத் தூக்கிக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் போகிறேன்.